மூண்டு வாசலை அடைச்ச கதை

கையாலை தடவிப் பார்க்கிற கட்டட மாதிரிகள் செய்யிறதுதான் என்ர தொழில், இதிலை கண்ணை ஏமாத்தலாம், விரலை ஏமாத்த ஏலாது. ஜேர்மனியிலை எசன் நகரத்திலை ஒரு பட்டறை. நூதனசாலைக்கு வாற பார்வையில்லாத ஆக்களுக்காகச் செய்து குடுப்பம். எனக்கு அப்ப புறோபெசைற், அதுதான் வேலைக்கான சோதனைக் காலம், முடிய ஒரு மாதம் கிடந்தது. அது முடியும்வரைக்கும் காரணம் சொல்லாமலே வீட்டை அனுப்பலாம். முதலாளி தும்மினாலும் நெஞ்சு பதறும் எண்டு, அனுபவிச்ச உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நாலு முகம்

எனக்குச் செய்யக் கிடைச்சது மத்திய ஆசியாவிலை உள்ள ஒரு பழைய இஸ்லாமியச் சமாதி. சதுரமான செங்கல் கட்டடம், மேலை குவிமாடம். படங்களை மேசை முழுக்கப் பரப்பினன். நாலு பக்கமும் ஒரே மாதிரி வளைவு, உள்ளுக்கை ஒரே இருட்டு. சின்னனிலையிருந்து கோயில் சுத்தின மூளை என்ன செய்யும்? முன்னுக்கு ஒரு வாசல், மற்ற மூண்டும் சாமி சிலை வைக்கிற மாடம் மாதிரித்தான் எண்டு நானே முடிவெடுத்து, மூண்டையும் அடைச்சுப் பிளாஸ்ரரிலை வார்த்துப்போட்டன். வரைபடத்தை வடிவாய்ப் பார்க்கவேயில்லை, மடைச்சி!

பக்கத்து மேசை மெஹ்மெட் துருக்கிக்காரன். சுத்திச் சுத்திப் பார்த்தான். இந்த வகைச் சமாதிக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லையாம், நாலும் திறந்த வாசலாம். "ஏன் அடைச்சனி? செத்த மனுசன் எழும்பி ஓடிப்போவார் எண்டு பயமோ?"

மூலையிலை வெடிப்பு

புதுசாய் வார்க்க நாளில்லை, திங்கட்கிழமை பரிசோதனை. சின்ன வாளாலை மூண்டு பக்கமும் அறுத்தன். சதுரத்துக்கு மேலை வட்டக் குவிமாடம் நிக்கவேணுமெண்டால், நாலு மூலையிலும் குறுக்காலை வளைவு கட்டி எட்டு மூலையாக்கித்தான் ஏத்துவினம். அந்த வளைவுகளிலை ஒண்டு டிக்கெண்டு வெடிச்சுது. எனக்கு உயிரே போட்டுது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அந்தக் கிழமை அப்பிடி வந்தது நாலாந்தரம்.

பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்து, வேலை போகப்போகுது எண்டன். "ஐயோ பிள்ளை, நிரந்தரமாச்சு எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே!"

பத்து விரல்

பரிசோதிக்க வந்தவ பார்வையில்லாத ஒரு ரீச்சர். முதலாளியும் பக்கத்திலை நிண்டார். அவ எதிரெதிர் வாசலாலை ரெண்டு கையையும் விட்டா. குவிமாடத்துக்குக் கீழை விரல்கள் சந்திக்க, சிரிச்சா. பிறகு மூலைக்குப் போனா.

"இதிலை ஒரு வெடிப்பு. உண்மையான கட்டடத்திலை இருக்கிறதோ?" எண்டு கேட்டா.

ஓம் எண்டு சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் நான் சொல்லுறதைத்தானே அவ அந்தக் கட்டடம் எண்டு நம்பிக்கொண்டு போவா, மனம் வரேல்லை. நான்தான் உடைச்சனான் எண்டன். வாசல் அடைச்ச கதையையும் கொட்டிப்போட்டன்.

முதலாளி பெருமூச்சு விட்டார். சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். "மூலையை ஒட்டிவிடு. அதை விடு, உன்ர நிரந்தர ஒப்பந்தம் ரெண்டு கிழமையாய் உன்ர மேசையிலை அந்தப் படங்களுக்குக் கீழை கிடக்கு. கையெழுத்து வைக்கிறாயில்லை, விட்டிட்டுப் போகப்போறியோ எண்டு நான்தான் நித்திரையில்லாமல் கிடக்கிறன்!"

சமாதி கட்டி வேலை நிரந்தரமானவள் எங்கட சந்ததியிலையே நான் ஒருத்திதான்.