அந்தப் பக்கம் போனால் குறி மாறும்

1. மைனஸ் ஆறு

பரீதா பலகையில் x = −6 என்று எழுதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். கணக்கு 2x + 5 = 17. சரியான விடை ஆறு. அந்த மைனஸ் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குப் பிடிபடவில்லை.

லால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சனிக்கிழமை வகுப்பின் முதல் நாள் அது. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறி, கல்யாணமாகிப் பிள்ளைகளும் பெற்றுவிட்ட ஆறு பெண்கள். நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், ஏரிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். ஜனவரியில் வீராணம் ததும்பி நிற்கும். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகவே பஸ்ஸில் இறங்கிக் கரையில் போய் நிற்பேன். தண்ணீர் எது, பனி எது என்று பிரிக்க முடியாத அந்த வெளுப்பில், இன்னும் யாரும் கண்டுபிடிக்காத x எல்லாம் அமைதியாக மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பது எனக்குக் கைவந்த கலை.

பரீதாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவள் கணவர் துபாயில் வேலை செய்த இடத்தில் இடுப்பில் அடிபட்டு ஊர் திரும்பிவிட்டார். இனி பாரம் தூக்க முடியாது. ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மா, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் வரவேற்பு மேசையில் வேலை தருவதாகவும், ஜூன் வரை அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். மூன்று முறை கணக்கில் தவறியவள் அவள். மார்ச் பரீட்சையை விட்டால் வேலையும் போய்விடும்.

2. யார் சொன்னது

ஒவ்வொரு ஸ்டெப்பாகச் சொல்லச் சொன்னேன். ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனாள், மைனஸ் ஐந்தானது. சரி. 2x = 12. பிறகு இரண்டையும் அந்தப் பக்கம் கொண்டுபோனாள். அதுவும் மைனஸ் இரண்டானது. பன்னிரண்டை மைனஸ் இரண்டால் வகுத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பெருக்கலுக்குக் குறி மாறும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். பிறகு, "நீங்கதான் மிஸ். அந்தப் பக்கம் போனா குறி மாறும்னு. ஒம்பதாவதுல நீங்கதான எங்களுக்கு மேக்ஸ்" என்றாள்.

எனக்கு அவளை அடையாளம் தெரிந்திருக்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் லால்பேட்டைப் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாத வகுப்பே கிடையாது. பாட்டு மாதிரி எல்லோரையும் சேர்ந்து சொல்லவும் வைப்பேன். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மட்டும்தான் அது பொருந்தும் என்பதை ஒரு தடவை சொல்லியிருப்பேன், அதுவும் மணி அடிக்கிற நேரத்தில். இந்த மாதிரி மைனஸ்களை எத்தனை நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறேன். கவனமாக என் பேச்சைக் கேட்ட பிள்ளைகள்தான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

3. பெட்டி

திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வயல்கள் பின்னால் நழுவின. x எங்கேயும் ‘போவதில்லை’ என்று அரைத் தூக்கத்தில் தோன்றியது. அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. யாரோ அதன்மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். நாம் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பழைய வாக்கியத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்றேன். x-க்கு முதலில் என்ன செய்தார்கள்? இரண்டால் பெருக்கினார்கள். கடைசியாக? ஐந்தைக் கூட்டினார்கள். எதை முதலில் நீக்குவது?

பரீதா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துபாய்லேர்ந்து அவுங்க கார்கோ பெட்டி போடுவாங்கல்ல மிஸ். சாமான வச்சு, டேப் ஒட்டி, அதுக்கு மேல கயிறு கட்டுவாங்க. கயித்த அவுக்காம டேப்புல கைய வைக்க முடியாது. அப்ப கடைசியா கட்டுனதுதான் மொதல்ல."

அறுவரும் சிரித்துவிட்டார்கள். அந்த ஊரில் பெட்டி பிரிக்காத கை ஏது? கூட்டியதைக் கழித்தார்கள், பெருக்கியதை வகுத்தார்கள். ஆறு வந்தது. வந்த ஆறைத் திரும்ப x இருந்த இடத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினேழு வந்ததும் பரீதா பெருமூச்சு விட்டாள். விடை சரியா என்று டீச்சர் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

4. வெற்றுத் தாள்

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் பாதிப் பேருக்குப் பாதி மறந்துபோயிருந்தது. பலகையில் மாதிரிக் கணக்கு இருக்கும் வரைக்கும் எல்லோரும் மேதைகள்தான். அழித்தால் அதோடு கணக்கும் அழிந்துவிடும். ஒரே வகையில் இருபது கணக்கு போடவைப்பதும் என் பழைய பழக்கம். இருபதாவதைப் போடும்போது கைதான் எழுதும், மண்டை தூங்கும்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பத்து நிமிடத்துக்கு வெற்றுத் தாள் கொடுத்தேன். நோட்டை மூடிவிட வேண்டும். போன வாரத்துக் கணக்கு ஒன்று, போன மாதத்துக் கணக்கு ஒன்று, காரணிப்படுத்தல் ஒன்று, எல்லாம் கலந்து வரும். மார்க் கிடையாது. ஞாபகம் வராவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாம். மாடி முழுக்க மௌனமாக இருக்கும், கீழே யாரோ இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்கும், ஆறு பெண்கள் எங்கேயோ வெறித்துக்கொண்டு மறந்ததைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். தேடி எடுத்தது தங்கியது. நான் எடுத்துக் கொடுத்தது தங்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: அவர்கள் தேடும்போது குறுக்கே போகாதீர்கள். எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

5. நாற்பத்தொன்று

மே மாதம் ரிசல்ட் வந்தது. பரீதா போன் செய்தாள். நாற்பத்தொன்று. டாக்டரம்மா திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டாராம். கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், பேனாவை வைத்துவிட்டு வெற்றுத் தாளை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததாகவும், பிறகு ஒவ்வொன்றாக வந்ததாகவும் சொன்னாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் நடந்தது உன் தப்பு இல்லை, என் தப்பு என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

 

"எனக்கு மண்டை இல்லன்னு நெனச்சிட்டேன் மிஸ், இத்தன வருஷமா" என்றாள். பிறகு, "நசீமான்னு எங்கூட ஒரே பெஞ்சுல இருந்தா. ரெண்டு வாட்டி பெயிலாயி படிப்ப விட்டுட்டா. அவளும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கா. எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள்.

நசீமாவின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு, அந்தப் பெஞ்சில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.