ஜப்பான் காரின் பெட்ரோல் வாசனை

பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் நாத்தனார் நினைவுக்கு வந்துவிடுவார். கணவரின் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. எண்பதுகளின் பிற்பகுதியில் மாதுங்காவில் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கோட்டைப் பகுதியில் ஒரு அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். அவர் வாயைத் திறந்தால் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கத் தயங்கும்.

கல்ஃபில் வேலை பார்த்த என் கணவர் ஒரு ஜப்பான் காரை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மறுபடி விமானம் ஏறிவிட்டார். வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்குமே என்று நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செம்பூரில் எனக்குப் பள்ளிக்கூட வேலை. ரயில் மாறி, பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்க்கொண்டிருந்தவள், ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலானேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே திரும்புவது என்று நானே முடிவு செய்தது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான். அந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடம் சொன்னால், "ரோட்டைப் பார்த்து ஓட்டுடி, போறும்" என்பார். அவர் அந்தக் காரில் ஒருநாள்கூட ஏறியதில்லை. ஆபீஸுக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பஸ்தான்.

ஒரு கோடையில் காருக்குள் பெட்ரோல் வாசனை அடிக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு தலைவலி வரும் அளவுக்கு. வெயிலில் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். கணவர் போன் செய்த அன்றைக்கு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன். "விளையாட்டா? தீப்பிடிச்சா என்ன பண்ணுவே? அடுத்த மாசம் லீவுல வரேன், வித்துடலாம்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று கேட்ட அக்கா சமையலைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு உள்ளூர நிம்மதிதான் என்று நினைத்து, அன்று முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செம்பூரில் ஒரு மெக்கானிக், எஞ்சின் ஓரத்தில் இருந்த கறுப்பு டப்பாவைக் காட்டி, "இது வெளிநாட்டு கச்ரா, வெறும் குப்பை, பிடுங்கிப் போட்டு பைப்பை அடைத்துவிடுகிறேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. தாராவியில் கார் வயரிங் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டையோடுதான் வேலை செய்வார், அதில் ஒரு கறை இருக்காது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"பிடுங்கிப் போட எவ்வளவு நேரமாவும் டீச்சரம்மா? அப்புறம் டேங்கு எங்கிட்டு மூச்சு விடும்?" என்று பாய் விளக்கினார். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி அந்த டப்பாவுக்குள் இருக்கும் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடானதும் சின்ன கரண்ட் வால்வு ஒன்று திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். வால்வு திறக்காவிட்டால் கரி நிரம்பி, ஆவி வெளியே வரும். இவ்வளவு தெரிந்தவர் முதலில் டேங்க் மூடியையும் ரப்பர் பைப்புகளையும்தான் மாற்றினார். வாசனை போன வேகத்தில் திரும்பி வந்தது. என்னைவிட அவருக்குத்தான் ரோஷம். "ஞாயித்துக்கெழம கொண்டாங்க. இதுவா நானான்னு பாத்துருதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் காரில் போய் இறங்கினால், கடை வாசலில் அக்கா கைப்பையோடு நிற்கிறார், பஸ்ஸில் வந்து! "உன்னைத் தனியா விட்டா ஏமாத்திடுவா" என்றார், பாய் காதில் விழும்படியே. பாய் சிரித்துக்கொண்டு அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்.

வால்வைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார் பாய். டக்கென்று சத்தம் வந்தது. வால்வு நன்றாக இருக்கிறது. திரும்ப மாட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினார். வயர் கட்டிய சின்ன பல்பு ஒன்றை எடுத்து, வால்வுக்குக் கரண்ட் வரும் வயரைத் தொட்டுப் பார்த்தார். எரிந்தது. "கரண்ட் வருது. வந்த கரண்ட் திரும்பிப் போவ வழியில்ல போல" என்றார். வால்வின் இன்னொரு வயர் காரின் உடம்போடு ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருக்கும், எர்த் என்பார்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து அந்த வயர் முனையைப் பல்பால் தொட்டார். எரியவில்லை. டார்ச் அடித்துக் குனிந்தவர், "யா அல்லா!" என்றார்.

அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு கம்பி. கம்பியில், எஞ்சின் சூட்டில் வாடிச் சுருங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். போல்ட் முழுக்கப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது.

"இத யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றார் அக்கா. சனிக்கிழமைதோறும், நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, கீழே இறங்கி பானெட்டைத் திறந்து கட்டியிருக்கிறார். வெளியே கட்டினால் டாக்ஸி மாதிரி இருக்குமாம், தம்பி கேலி செய்வானாம். "பில்டிங்ல எல்லார் கண்ணும் இவ மேலதான். பொண்ணு ஒருத்தி கார் ஓட்டினா சும்மா விடுவாளா?"

பாய் குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லதுக்குத்தான் கட்டிருக்கிய. எங்க கட வாசல்லயும் தொங்குது, பாருங்க. ஆனா எலுமிச்ச சாறு வயர சும்மா விடுமாம்மா?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "இவ காரை நானே விக்க வச்சிருப்பேனே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நிம்மதிப்படுகிறார் என்று நினைத்தேனே, எப்பேர்ப்பட்ட மனுஷி! எனக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பாய் உப்புத்தாளால் போல்ட்டைப் பளபளவென்று தேய்த்து முடுக்கினார். எஞ்சின் சூடாகவே இருந்தது. ஓடவிட்டதும் வால்வு டக்கென்றது. "ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க, கரி காஞ்சிரும்" என்றார்.

அப்படியே ஆயிற்று. இப்போது என் மகனின் காரில் இந்த மாதிரிக் கோளாறுக்கு மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிப் படித்துச் சொல்கிறார். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்கு எரிந்திருந்தால் அக்காவின் மனசு எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்த சனிக்கிழமை கீழே இறங்கினேன். அக்கா பானெட் பக்கம் போகவில்லை. முன் பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"பழம் கட்டலையாக்கா?"

"எதுக்கு? அதான் நானே கூட வரேனே" என்று ஏறி உட்கார்ந்தார். கதவை மட்டும் நான்தான் சாத்தவேண்டியிருந்தது.

அடுத்த மாதம் விமான நிலையத்துக்கும் வந்தார். என் கணவர் பெட்டிகளை வைத்துவிட்டு முன் கதவைத் திறந்தார். அக்கா நகரவே இல்லை.

"பின்னாடி உக்காருடா. இது என் இடம்."

அவர் பின்னால் ஏறினார். மாஹிம் வரும்வரை மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தவர், "வாசனை ஒண்ணும் இல்லையே" என்றார்.

"என்ன வாசனை?" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.