குதிரைத் தலைவனைத் திருப்பி அனுப்பிய தம்பி

"முப்பத்தஞ்சு வயசு நாச்சியாருக்கு இன்னா காதல் வேண்டிக் கெடக்குது?" என்று கம்பெனி வேனின் பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஏன், முப்பத்தஞ்சுல மனசு செத்துப் பூடுமா?" என்று திருப்பிக் கேட்டாள் வெங்கடலட்சுமி. அவள் கையில்தான் போன் இருந்தது. கதைச் செயலியில் தொடரின் புது அத்தியாயம் வந்துவிட்டால் வேன் தடாவிலுள்ள கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதை உரக்கப் படித்துவிடுவாள். கீழே வாசகர்கள் போட்டிருக்கும் கருத்துகளையும் விடமாட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரமிளா வெளியே பார்த்தபடியே இருந்தாள். அந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பது அவள்தான். 'குவளை' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது வேனில் யாருக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது.

ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. பத்தாவது வரை தமிழ் மீடியம். நைனா செத்தபோது தம்பி முரளிதரன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தடா பக்கம் செருப்புக் கம்பெனிகள் வந்ததும் முதல் ஆளாக வேனில் ஏறியவள் அவள். அவள் சம்பளத்தில் தம்பி படித்தான், கல்யாணம் செய்துகொண்டான், மாடி கட்டினான். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

கதை சந்திரகிரிக் கோட்டையில் நடந்தது. களஞ்சியத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் சோறு அளந்து கொடுக்கும் நாகலாம்பை நாச்சியார், தங்கைகளுக்கெல்லாம் கல்யாணமாகியும் யார் கண்ணிலும் படாதவள். அவளைக் குதிரைப்படைத் தலைவன் ஒருவன் பார்க்கிறான். வாசலுக்கே வந்து பெண் கேட்கிறான். "என் அக்காள் திருமலை மலையப்ப சாமிக்கே தன்னைக் கொடுத்துவிட்டாள்" என்று சொல்லி அவள் தம்பி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறான்.

குதிரைகளைப் பிரமிளா கற்பனையில்தான் பார்த்தாள். அந்த வாசல் பேச்சு மட்டும் நிஜம். திருமலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, மனைவியை இழந்த பாலையா, முரளிதரனுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் தன் அக்காவோடு பெண் கேட்டு வந்தார். முரளிதரன் வாசலிலேயே நின்று, "எங்க அக்கா சாமிக்கு வேண்டிக்கினு கல்யாணமே வேணாம்னு கீறாங்க" என்றான். சமையலறையில் முறத்தோடு நின்றிருந்த பிரமிளா எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வந்து இல்லை என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இத கேளுங்கடி" என்றாள் வெங்கடலட்சுமி, குரலை உயர்த்தி. "யாரோ போட்டுக்கீறாங்க. 'இந்த நாகலாம்பை கோட்டையில் இல்லை. எங்கள் ஊரில் இருக்கிறார். தினமும் வேனில் வேலைக்குப் போகிறார். எனக்குத் தெரியும்.'"

வேனே சிரித்தது. "நம்ம வேன்லயா பாருங்கடி!" என்று ஒருத்தி எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிரமிளாவும் சிரித்தாள்.

அன்று கம்பெனியில் அவள் தையல் கோணலாகப் போய்க்கொண்டே இருந்தது. யாராக இருக்கும்? பாலையாவா? அவர் கதையெல்லாம் படிப்பாரா? முரளியாக இருந்தால்? கோபம் வந்தால் அவன் கையில் கிடைத்ததை உடைப்பான். ஒருமுறை புது டிவியையே தூக்கிப் போட்டவன். மனைத் தரகு பார்க்கிறவனுக்கு ஊரில் மானம் முக்கியம். மதியச் சாப்பாட்டு வேளையில் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதையை அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழித்தால் அது நான்தான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று தோன்ற, விரலை எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது முரளிதரன் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தாள்.

"கல்பனா ஒரு கத காட்டுனா அக்கா. சந்திரகிரி கத" என்றான்.

பிரமிளா கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் நழுவி விழுந்தது. தம்பி மனைவி கல்பனா தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தம்பிகாரன் கீறானே, அவன்லாம் ஒரு மனுசனா?" முரளிதரனின் குரல் ஏறியது. "வூட்டு வாசல்ல வந்து கேக்கறாரு ஒருத்தரு. அக்காவ ஒரு வார்த்த கேட்டானா? அவன நிக்க வச்சி ஒதைக்கணும்னு கருத்து போட்டுக்கீறேன்."

அவன் சோதிக்கிறானா, நிஜமாகவே புரியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பயந்துபோய்ச் செஞ்சிருப்பான்டா" என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"இன்னா பயம்? அக்கா கட்டிக்கினு பூட்டா அந்தக் களஞ்சியத்த யார் பாக்கறது, யார் இவனுக்குச் சோறு அளந்து..."

பாதியில் நின்றான். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. போனைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் பின்னாலிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டாள். எது உடையப்போகிறது என்று காத்திருந்தாள்.

அவன் எதையும் உடைக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வெளியே போனான். பைக் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"ஊர்ல கீறாங்கன்னு போட்டது நான்தான் அக்கா" என்றாள் கல்பனா மெதுவாக. "வாசல் பேச்சு வந்த அத்தியாயத்துலயே தெரிஞ்சிபோச்சி. அன்னிக்கு அவங்களுக்குத் தண்ணி குடுத்தது நான்தானே."

"என் உசுரே போச்சி கல்பனா."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லமாட்டீங்க. அதான் அவருகிட்ட கதையக் காட்டுனேன்."

சாயங்காலம் திரும்பி வந்த முரளிதரன் உள்ளே வராமல் கிணற்றடியிலேயே நின்றான். பிரமிளா வெகுநேரம் தயங்கி, பிறகு அவனிடம் போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "அந்த பாலையா இப்ப எங்க கீறாருன்னு விசாரிக்கட்டுமா அக்கா?" என்றான்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "வேணாம்டா. அவருக்கு ஒரு வாழ்க்க அமைஞ்சிருக்கும்" என்றாள். அதுவரை தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. "நான் தடாவுல ரூம் எடுத்துக்கினு தனியா இருக்கப் போறேன்."

நாகலாம்பையும் கடைசி அத்தியாயத்தில் சாவிக்கொத்தைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டையை விட்டு வெளியே நடந்தாள். குதிரைத் தலைவன் வரவில்லை. வாசகர்களில் பாதிப்பேர் ஏமாற்றிவிட்டதாகத் திட்டினார்கள். வேலூர்க்காரி ஒருத்தி மட்டும், "அவள் எங்கே போனாள் என்று சொல்லுங்கள், நானும் அங்கே போகவேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

பிரமிளாவின் பெட்டியை முரளிதரனே பைக்கில் கட்டிக்கொண்டு தடாவுக்கு வந்து இறக்கினான். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும்போதெல்லாம் அந்த அறையின் ஜன்னல் அதிர்ந்தது. வீட்டுக்காரம்மா சாவியை நீட்டி, "யாரெல்லாம் இருக்கப் போறீங்க?" என்று கேட்டாள். தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"நான் மட்டும்தான்" என்றாள் பிரமிளா. குரல் நடுங்கியது. ஆனாலும் வீட்டுக்காரம்மா காதில் தெளிவாக விழுந்தது.