பாத்துக்கலாமுங்க

சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகமொன்றின் வரவேற்பு மேசையில் நாளெல்லாம் சிரிக்கும் யுவஸ்ரீயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவளுடைய ஆன்லைன் கேம் அணிக்காரர்கள் மட்டும்தான். அவளது எட்டு வருடக் கம்ப்யூட்டரோ ஆட்டத்தின் நடுவே உறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் அணியில் இடமில்லை என்றான் தலைவன் கௌதமன். கம்மலை விற்று, ஆட்டம் உறையாமல் ஓட வைக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினாள்.

"என்ற பழைய கம்ப்யூட்டரோட பவர் சப்ளை இதைத் தாங்குமுங்களாண்ணா?"

"பாத்துக்கலாமுங்க அம்மணி," என்றார் கடைக்காரர் தம்பிதுரை. ஆசையில், தாங்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கார்டை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்றது. கருகல் வாடை. கடைக்குப் போன் செய்தாள்.

"தாங்காதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? அதுதான் பாத்துக்கலாம்னு சொன்னனுங்க."

கம்ப்யூட்டர் கருகியதைக் கௌதமனிடமும் சொன்னாள்.

"அடுத்த போட்டிக்குப் பாத்துக்கலாம் யுவா," என்றான்.

இந்த முறை அவளுக்குப் புரிந்தது.