நான் தமிழில் சொல்லாத வாக்கியம்

அந்த ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றேதான் விழுங்கினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள்... ஆனால் அது பொய்!

செண்டாயானுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அரசாங்கமும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாகப் போட்ட நெடுஞ்சாலை அதன் குறுக்கே போகிறது. நான் அந்த நிறுவனத்தின் வழக்கறிஞன். தோட்டத்துப் பிள்ளை என்பதால், சாலை போடுமுன் நடந்த விளக்கக் கூட்டத்தில் அதிகாரியின் சட்ட மலாய் மொழியைத் தமிழில் சொல்ல என்னையே நிறுத்தினார்கள்.

முன்வரிசையில் என்னைத் தூக்கி வளர்த்த செல்லம்மா அத்தை. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் நான் லாயர் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சாலை வந்தால் வீடுகளிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் வழி அடைபடும். மாமாவை அங்கேதான் புதைத்திருக்கிறோம். சாலைக்கு அடியில் ஒரு நடைபாதை கேட்டு ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அதிகாரி தெளிவாகவே சொன்னார். நான்? சாலை வந்தால் எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆட்சேபம் வந்தால் வேலை தள்ளிப்போகும், மேலிடம் என்மேல் முகம் சுளிக்கும். அவ்வளவுதான் காரணம்...

யாரும் கேள்வி கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை மேடையில் நிற்கும்போது எழுந்து கேட்டால், அவனை அவமதித்ததாகிவிடும். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. அதை நம்பித்தானே விழுங்கினேன்!

முன்பெல்லாம் அத்தை வெள்ளிக்கிழமைதோறும் நடந்தே போய் மாமாவுக்கு விளக்கேற்றுவாள். இப்போது நான் கார் கொண்டுவந்தால்தான் உண்டு.

போன வாரம் மாமாவின் திதி. காரில் அத்தையின் மடியில் சாமந்திப்பூ, மாமாவுக்குப் பிடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். எனக்கும் ஒன்று கட்டியிருந்தாள். தடுப்புச் சுவருக்கு அப்பால் இடுகாட்டு மரம் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, அன்னிக்குக் கூட்டத்துல..."

"தெரியும் தம்பி. பசார்ல வியாபாரம் பண்ணவளுக்கு மலாய் தெரியாதா?" பூவைச் சரிசெய்தபடியே சொன்னாள். "எந்திரிச்சுக் கேட்டிருப்பேன். நாலு பேரு முன்னாடி உனக்கு அசிங்கமாப் போயிருமேன்னுதான் உட்காந்துட்டேன்."

திட்டியிருக்கலாமே... ஒரு அறை விட்டிருக்கலாமே! அவளோ என் பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, "ஆறிடும், சாப்பிடு லா" என்றாள்.

சாப்பிட்டேன். பிறகு டோல் சாவடி தாண்டிச் சுற்றிக்கொண்டு போனோம். அத்தை சன்னல் பக்கம் திரும்பி, மறையும்வரை அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் வராத வெள்ளிக்கிழமைகளில் அவள் என்ன செய்கிறாள்? கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.