வெளியாள் ஆன ஐடலீன்

ஐடலீன் காப் என்பவளை யாரும் வேலையைவிட்டுத் தூக்கவில்லை. எங்கள் ஊர் வில்லா மே தன் பியூட்டி பார்லரில் யார் தலையைக் கழுவினாலும் அதோடு ஐடலீனின் மானத்தையும் சேர்த்துக் கழுவுகிறாள். "மிஸ் வெர்னெல், அவ பள்ளிக்கூடத்தையே காட்டிக் குடுத்தாளாம், தூக்கிட்டாங்களாம்" என்று என்னிடமே சொல்கிறாள். அன்று பள்ளியில் கூட்டம் நடந்த அறையில் உட்கார்ந்திருந்தது நான். வில்லா மே யாருக்கோ பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

ஐடலீன் எங்கள் சர்ச்சில் பாடுகிறவள். குரல் சுமார்தான், பொய் எதற்கு. எங்கள் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் அவளுக்கு வேலை. குறைபாடுள்ள பிள்ளைகள் ஏன் கத்துகிறார்கள், ஏன் அடிக்கிறார்கள் என்று வகுப்பு மூலையில் உட்கார்ந்து கவனித்துச் சொல்ல வேண்டும். அவள் சொன்னதை மேலதிகாரி டாக்டர் ப்ரூவிட் திருத்துவார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பட்டம் வாங்கிய டாக்டர். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே என்ன கோளாறு என்று சொல்லிவிடும் அளவுக்குப் படித்தவர்.

என் மகள் ரெனீத்தாவின் பெண் கியோனா. எட்டு வயது, ஆட்டிசம் உள்ளவள். வாசிப்பு வகுப்பு தொடங்கினால் போதும், நாற்காலியைக் கவிழ்ப்பாள். ரெனீத்தாவுக்குக் கோழி ஆலையில் வேலை, அங்கே போன் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பள்ளி அலுவலகத்துப் பெண் என்னைக் கூப்பிடுவாள்.

"மிஸ் வெர்னெல், பாப்பாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க! நாங்க யாரையும் அப்படிப் பண்றதே இல்ல. சும்மா கூட்டிட்டுப் போங்க."

எவ்வளவு தங்கமான பள்ளிக்கூடம்! பிள்ளையை வெளியே அனுப்பியதே இல்லை. பிள்ளை பள்ளியில் இருப்பதில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பீச் பழம் வைத்துச் சோமாசி மாதிரி மடித்துப் பொரித்துக் கொடுப்பேன்.

பிறகு ஒருநாள், கியோனாவை ஆற்றுக்கு அந்தப்பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கும் தனிப் பள்ளிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அங்கே அறைக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான், வேறெதற்கு?

அதற்காக ஐடலீன் கியோனாவின் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். என் அடுப்படிக்கும் வந்தாள்.

"மிஸ் வெர்னெல், இவளுக்கு வாசிக்க வரல. அந்தப் பயம். நாற்காலியத் தள்ளினா வாசிக்க வேணாம், வீட்டுக்கு வரலாம், உங்க பீச் பலகாரமும் கெடைக்கும். இதக் கத்துக் குடுத்தது யாரு? பள்ளிக்கூடம்தான்."

"என் பலகாரத்த நிறுத்த மாட்டேன்."

"நிறுத்த வேணாம். பள்ளிக்கூடம் விட்டப்புறம் குடுங்க."

"பசிக்கிறப்பதான் குடுப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்துத் தின்றாள்.

இதை முடிவு செய்யப் பள்ளியில் கூட்டம் போட்டார்கள். டாக்டர் ப்ரூவிட் ஐடலீன் பேரில் இருந்த அறிக்கையை வாசித்தார். எல்லாரும் தன்னையே பார்க்க வேண்டும் என்றுதான் பிள்ளை இப்படிச் செய்கிறாளாம், தனிப் பள்ளிதான் ஒரே வழியாம். வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ரெனீத்தா திரும்பினாள். "மிஸ் ஐடலீன், நீங்களா இப்படி எழுதினீங்க?"

"அதுல என் பேரு மட்டும்தான் என்னோடது."

"அப்போ வெளியாள் ஒருத்தர் வந்து என் புள்ளையப் பார்க்கணும். பள்ளிக்கூடம்தான் செலவு பண்ணணும்னு சட்டம் இருக்கு."

"தாராளமா!" என்றார் டாக்டர், டோனட்டைக் கடித்தபடி. "ஆனா அவங்க எங்ககிட்ட சம்பளம் வாங்கறவங்களா இருக்கக் கூடாது. இந்த மாவட்டத்திலயே குடியிருக்கணும், இந்த வேலைக்கு லைசென்ஸும் வேணும். பாவம், அப்படி ஒருத்தரும் இல்லையே."

அந்த விதியை வகுத்தவரே அவர்தான். விதி இப்படி இருக்கும்போது பாவம், அவர்தான் என்ன செய்வார்?

ஐடலீன் கேட்டாள். "உங்க சம்பளம் வாங்காம, இங்கயே குடியிருந்து, லைசென்ஸ் வச்சிருந்தாப் போதுமா சார்?"

"போதும், போதும்."

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி டோனட் பெட்டிக்குள் வைத்தாள்.

"மில் ரோட்டுல பச்ச வீடு என்னோடது. லைசென்ஸும் என் பேர்லதான்."

டாக்டர் கடித்த டோனட்டைக் கீழே வைத்தார். "மிஸ் காப், உக்காருங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல முழு பென்ஷன். யோசிச்சுப் பாருங்க."

"கார்ல வர்றப்பவே யோசிச்சேன் சார். ரெனீத்தா, வெளியாள்னு என் பேரக் குடும்மா. சார், வகுப்பு மூலையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க. கவுந்தா நானே நிமித்திக்கிறேன்."

கைப்பையை எடுத்தாள். போகிறபோக்கில் ஒரு டோனட்டையும் எடுத்தாள். கதவைத் திறந்து நடந்தாள். "மிஸ் காப், வந்து உக்காருங்க, பேசிக்கலாம்!" என்று கார் நிற்கும் இடம்வரை டாக்டர் கூடவே ஓடினார். அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலையைவிட்டுத் தூக்குகிறவர் இப்படித்தான் ஓடுவாரா, வில்லா மே?