பூச்சு விட்ட இடம்

1. எரியாத அடுப்பு

பச்சையம்மா வீட்டு கேஸ் அடுப்பு எரியவில்லை என்று ஆள் வந்து சொன்னபோது, நான் மானாம்பதியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏன் எரியவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் படிக்காதவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் கோபர் கேஸ் தொட்டி கட்டிய மேஸ்திரி நான். சாணியைத் தண்ணீரில் கரைத்து, மண்ணுக்குள் கட்டிய தொட்டியில் விட்டால் அது புளித்து கேஸ் உண்டாகும். கவிழ்த்த சட்டி மாதிரி மேலே இருக்கிற டோமில் கேஸ் சேரும். அங்கிருந்து பைப் வழியாக அடுப்புக்குப் போகும். அதற்கு முன்னால் நான் கிணற்றுக்குச் சுவர் எடுத்துக்கொண்டிருந்தவன். கிணற்றுச் சுவரில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தால் ஊரே சந்தோஷப்படும். டோமில் காற்றுகூடக் கசியக் கூடாது. கை பழகிய பிறகும் இந்த வித்தியாசம் புத்தியில் ஏற எனக்கு ரொம்ப நாள் ஆனது.

பச்சையம்மாவின் ஊர் மானாம்பதிக்கு அந்தப் பக்கம். அவள் வீட்டில் இரண்டு கறவை மாடு, ஒரு ஜோடி உழவு மாடு. கணவன் கன்னியப்பனுக்கு நான்கையும் விற்றுவிட்டு, உழுகிற டில்லர் மெஷின் வாங்க ஆசை. அவளுக்கு மாடுகளை விட மனசில்லை. அதிலும் ஒரு சிவப்புப் பசு. பச்சையம்மா கூடையை எடுத்தாலே அது வாலைத் தூக்கும். "பாத்தியா மேஸ்திரி, இதுக்குக் கூட கேஸ் வேணுமாம்" என்று சிரிப்பாள்.

குழிக்கு நடுவில் நான் முளை அடித்த அன்று கன்னியப்பன் என் எதிரிலேயே சொன்னான்: "சாணில அடுப்பு எரிஞ்சா மாடு வூட்ல நிக்கட்டும். எரியலன்னா சந்தைக்குப் போவட்டும். பொங்கல் வரைக்கும் பாக்கறேன்."

"எரியும்யா. மேஸ்திரி கட்டறாரு இல்ல?" என்றாள் அவள்.

நான்கு மாடு போதும் என்று அளவு சொன்னவன் நான்தான்.

2. சால்வை

டோமுக்குச் சாரம் கிடையாது, பலகை கிடையாது. முளையில் கட்டின கயிற்றை இழுத்துப் பிடித்து, அந்தக் கயிற்றின் நீளத்துக்குச் செங்கல்லை வைத்துக்கொண்டே போக வேண்டும். கல் விழாமல் நிற்பதைப் பார்க்க ஊர் ஜனம் வந்து நிற்கும். எனக்கு அதில் பெருமை உண்டு. பெருமை கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு.

உள்பூச்சு வேறு மாதிரி. அதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் காய்ந்த பூச்சும் ஈரப் பூச்சும் ஒட்டாது, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு விழும். டிரெய்னிங்கில் முதல் நாளே இதைச் சொன்னார்கள்.

பச்சையம்மா வீட்டு டோமில் பாதி பூசியிருந்தேன். மேலே மோட்டார் பைக் சத்தம். கேஸ் தொட்டி வேலையை மேற்பார்க்கிற சூப்பர்வைசர் குனிந்து கூப்பிட்டார்.

"யோவ் மேஸ்திரி, வெளிய வா. பெரிய ஆபீசர் வந்துகீறாரு. நல்லா வேலை செய்யற மேஸ்திரிக்குச் சால்வை போடணும்னாரு. உன் பேரைக் குடுத்துட்டேன்."

"பாதி பூச்சு நிக்குது சார்."

"பூச்சு எங்கனா எழுந்து ஓடிடுமா? ஆபீசர் போயிடுவாரு. மூஞ்சியக் கழுவிக்கினு ஏறு வண்டியில."

பூசுகிற கரணையைக் கீழே வைத்தேன். அந்த இடம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கேஸ் பைப்புக்கு இடது பக்கம், என் தோள் உயரம். பச்சையம்மா கழுவிக்கொள்ளத் தண்ணீர் ஊற்றினாள். "மாலை போட்டா எனக்கு ஒரு பூ கொண்டாந்து குடு மேஸ்திரி" என்றாள்.

மாலை போடவில்லை, சால்வைதான். பச்சைக் கரை. போட்டோ எடுத்தார்கள். நான் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் சால்வையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா கனமாகீது" என்றாள். உள்ளே இறங்கினேன். காலையில் பூசினது கல்லாகியிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசியிருக்க வேண்டும். நான் தண்ணீர் தெளித்து, அதன் மேலேயே ஒட்டுப் போட்டு முடித்தேன்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி செங்கல் துண்டால் கோடு போட்டு வைப்போம். மறுநாளும் தண்ணீர் கோட்டிலேயே நிற்க வேண்டும். இரண்டு விரல் இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "புதுச் சுவர் தண்ணி குடிக்கும்யா. இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு" என்றார். புதுச் சுவர் தண்ணீர் குடிக்கும், வாஸ்தவம். இரண்டு விரல் குடிக்காது. எனக்குத் தெரியும்.

3. மாடு பத்தல

சாணி நிரப்பி மூன்று வாரம் கழித்து அடுப்பு பற்றியது. பச்சையம்மா எல்லாருக்கும் டீ போட்டாள். பத்து நாள் எரிந்தது. அப்புறம் ஊதுபத்தி நுனி மாதிரி மினுக்கிவிட்டு அணைந்துபோனது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"எத்தினி கூடை போடற?"

"நாலு."

"தண்ணி?"

"அதே கூடைக்குச் சமமா. கையால கலக்கி, வைக்கோலப் பொறுக்கிட்டுதான் வுடறேன்."

"தண்ணி ஜாஸ்தியாவுது. கொறச்சிப் பாரு."

எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில் இது. அடுப்பு எரியவில்லையா, கலக்குகிற பொம்பளை மேல் போடு. அவள் நம்பினாள். தண்ணீரைக் குறைத்தாள். இரண்டாம் தடவை போனபோது, சாணி இன்னும் வேண்டும் என்றேன். ஏரிக்குள் தண்ணீர் வற்றின உள்வாயில் மேய்கிற மாடுகளுக்குப் பின்னால் கூடையோடு போக ஆரம்பித்தாள்.

குழாயடியில் ஒருத்தி அவளைக் கேலி பண்ணினது என் காதிலேயே விழுந்தது. "இன்னாடி பச்சையம்மா, ரோடெல்லாம் சுத்தமாகீது? பஞ்சாயத்துல வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"ஆமாண்டி. உன் வாசலையும் சேத்துதான் வாரறேன். கூலிய நீ குடு" என்றாள் பச்சையம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாம் தடவை பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. சாணி கரைக்கிற தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பால் கோடு கோடாகப் போட்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தாள்.

கன்னியப்பன் வந்து நின்றான். "மேஸ்திரி, தொட்டில கோளாறா, இவ கையில கோளாறா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கோடுகளைப் பார்த்த பிறகு அவள் மேல் போட எனக்கு வாய் வரவில்லை. என் மேல் போடவும் வரவில்லை. "ரெண்டும் இல்லப்பா. மாடு பத்தல" என்றேன். யாருக்கும் நோகாத பதில் சொன்னதாக நினைத்தேன்.

"கேட்டுக்கினியா பச்சையம்மா? மேஸ்திரியே சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு மாட்டுக்கு நான் எங்க போவறது? நாலையும் ஓட்டிட வேண்டியதுதான்."

பச்சையம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "குழி தோண்டும்போது நாலு போதும்னியே மேஸ்திரி?"

"இப்ப தீனி அப்பிடிம்மா. சாணில சத்து இல்ல."

அந்த வாரமே மாடுகள் போய்விட்டன. சிவப்புப் பசு வேனில் ஏறவே மாட்டேன் என்றதாம். கடைசியில் பச்சையம்மாவே முன்னால் ஏறி நின்று கூப்பிட்டாளாம். கேள்விப்பட்டதுதான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

4. இடித்த அன்று

பல வருஷம் கழித்து கன்னியப்பன் கூப்பிட்டு அனுப்பினான். பாத்ரூம் கட்ட வேண்டும், பழைய தொட்டியை இடித்துக் கொடு என்றான். கொட்டகையில் டில்லர் நின்றது. வீட்டுக்குள் சிலிண்டர் அடுப்பு. பச்சையம்மாவுக்கு முடி நரைத்திருந்தது. சுவரில் சுண்ணாம்புக் கோடுகள் மங்கி, மழை படாத இடத்தில் மட்டும் மிச்சம் இருந்தன.

டோமை மேலிருந்து கொத்தித் திறந்தேன். உள்ளே வெளிச்சம் விழுந்ததும் பார்த்தேன். கேஸ் பைப்புக்கு இடது பக்கம், தோள் உயரத்தில் ஆரம்பித்து, சுவரோடு ஒரு கறுப்புக் கோடு ஓடியது. காற்றோட்டம் விட்டு உள்ளே இறங்கி, கடப்பாரை நுனியால் லேசாகத் தட்டினேன். ஒட்டுப் போட்ட பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது.

பச்சையம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா மேஸ்திரி அது?"

"இதான்மா கேஸ் போன வழி. அன்னிக்குச் சால்வை வாங்கப் போனேனே, அப்ப நான் வுட்ட இடம்."

"அப்ப நான் கலக்கினது?"

"சரியாதாம்மா கலக்கின."

"தண்ணி?"

"அதுவும் சரிதான்."

"மாடு?"

கடப்பாரையைக் கீழே வைத்தேன். "நாலே போதும்மா."

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பி, "இந்தாய்யா, இங்க வா" என்று கன்னியப்பனைக் கூப்பிட்டாள். அவன் வந்ததும், "மேஸ்திரி, இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன். குழிக்குள் நின்றபடி, தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னேன். கன்னியப்பன் அந்தக் கறுப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தான். "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு ஆவும்" என்றாள் பச்சையம்மா.

நான் போகிற போதெல்லாம் அந்த வீட்டில் டீ கொடுப்பாள். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். அடுப்பு எரியவில்லை என்று கூப்பிட்டால், போனதும் எத்தனை கூடை என்று கேட்காதீர்கள். வால்விலும் பைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதில் குற்றம் இல்லையென்றால் தொட்டியைக் காலி பண்ணி, நன்றாகக் காற்றோட்டம் விட்டு, நீங்கள் பூசின சுவரை நீங்களே போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் வேலைதான். அதற்குச் சோம்பி நான் சொன்ன ஒரு வார்த்தையில் நாலு மாடு போனது.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்தம்மா பேரைப் போடணுமா மாமா?" என்று கேட்கிறாள். போடு என்றேன். எனக்குச் சால்வை போட்டபோது கூட்டம் பார்த்தது. குழிக்குள் நின்று நான் சொன்னதை இரண்டு பேர்தான் கேட்டார்கள். குழாயடியில் கேலி பண்ணினவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மானாம்பதிக்கு அந்தப் பக்கத்துப் பச்சையம்மா சாணி கலக்கினது சரியாகத்தான் இருந்தது.